யாருடைய காலடியில் நடக்கிறோம்?
வைட்செப்பல் குற்ற நடையும் ஹாலி ரூபன்ஹோல்டின் ‘த ஃபைவ்’ நூலும்

குற்றங்கள் நிகழ்ந்த இடங்களைக் கால்நடையாகச் சென்று பார்ப்பது ஐரோப்பாவின் பழைய நகரங்கள் பலவற்றில் இன்று ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. எடின்பரோவில், 1828 இல் பதினாறு பேரைக் கொன்று உடல்களை உடற்கூற்று வைத்தியர் ஒருவருக்கு விற்ற பேர்க், ஹெயார் என்போர் திரிந்த ஒழுங்கைகளைக் காட்டுகிறார்கள். லண்டனில் 1888 இன் வைட்செப்பல் கொலைகளைக் காட்டுகிறார்கள். மாலையானதும் வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, கட்டணம் செலுத்திய இருபது முப்பது பேர் அவருக்குப் பின்னே செல்வர். ஒவ்வொரு மூலையிலும் நிற்பர், கேட்பர், படம் பிடிப்பர், நகர்வர்.

இதனைச் சுற்றுலாத் துறையின் விவகாரமென இலக்கியக்காரர்கள் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. வழிகாட்டி ஒரு கதைசொல்லி. எங்கே தொடங்குவது, எதை மறைத்து வைப்பது, எந்த மூலையில் உச்சத்தைக் கொண்டுவருவது என்றெல்லாம் அவர் முன்கூட்டியே அமைத்துக்கொண்ட ஒரு பிரதி அது. நாம் கண்ணால் வாசிப்பதை அங்கு காலால் வாசிக்கிறார்கள், அவ்வளவே. ஆகவே ஒரு சிறுகதைக்கோ நாவலுக்கோ நாம் பிரயோகிக்கும் அளவுகோல்களை அதற்கும் பிரயோகிக்கலாம். இக்கட்டுரை அத்தகையதொரு முயற்சி.

நான் கிராமத்துப் பாடசாலையொன்றில் தமிழும் வரலாறும் படிப்பிப்பவன். விமர்சகன் என்ற பட்டத்துக்கு உரிமை கோருபவன் அல்லன். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குத் தமிழ் கற்பித்த விரிவுரையாளர் எந்தக் கதையை வாசித்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: “இந்தக் கதையை யார் காவிக்கொண்டு போறார்?” கதையில் யார் வருகிறார் என்பது வேறு, யாருடைய தோளில் கதை போகிறது என்பது வேறு என்பார். இருபது வருடங்களுக்கு மேலாக வகுப்பறையில் அந்தக் கேள்வியோடுதான் காலம் தள்ளுகிறேன். 2023 இல் ஈஸ்ட் ஹாமில் வசிக்கும் சாச்சாவின் மகன் டிக்கட் அனுப்பி அழைத்ததால் சில வாரங்கள் லண்டனில் தங்க வாய்த்தது. நம் நாட்டுத் தமிழர்கள் செறிந்து வாழும் ஈஸ்ட் ஹாமிலிருந்து அதே ரயில் பாதையில் மேற்கே சென்றால் வைட்செப்பலும் அதற்கடுத்து அல்ட்கேட் ஈஸ்ட்டும் வரும். குற்ற நடைகளிற் பல அங்கிருந்துதான் புறப்படுகின்றன. அந்தக் கேள்வியையும் கொண்டுபோய் ஒரு மாலை அக்கூட்டத்தில் நானும் நின்றேன்.

*

முதலில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுதல் நல்லது. 1888 ஓகஸ்ட் 31 அதிகாலை பக்ஸ் ரோ என்ற ஒடுங்கிய வீதியில் மேரி ஆன் நிக்கல்ஸ் கொலையுண்டு கிடந்தார். செப்டெம்பர் 8 இல் ஹான்பரி வீதி 29 ஆம் இலக்க வீட்டின் பின்வளவில் அனி செப்மன். செப்டெம்பர் 30 இல், ஒரே இரவில், பேர்னர் வீதியில் எலிசபெத் ஸ்ட்ரைடும் மைட்டர் சதுக்கத்தில் கெத்தரின் எடோஸும். நவம்பர் 9 இல் டோர்செட் வீதியை ஒட்டிய மில்லர்ஸ் கோர்ட்டில், தன் வாடகை அறைக்குள்ளேயே மேரி ஜேன் கெலி. கொலையாளி பிடிபடவில்லை. செப்டெம்பர் இறுதியில் செய்தி நிறுவனமொன்றுக்கு வந்த கடிதத்தில் ‘ஜாக் த ரிப்பர்’ என்ற கையொப்பம் இருந்தது. அக்கடிதம் பத்திரிகைக்காரர் ஒருவரின் கைவண்ணம் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. அதாவது, உலகம் முழுவதும் அறிந்த அந்தப் பெயரே பெரும்பாலும் ஒரு புனைவு.

நான் சென்ற நடையின் வழிகாட்டி திறமைசாலி. குரல் வளம் உண்டு. கூட்டத்தைச் சிரிக்க வைத்து அடுத்த கணமே திடுக்கிட வைக்கவும் தெரியும். ஒடுங்கிய ஒழுங்கைகளில் குரலைத் தாழ்த்தினார். கொலையாளி எந்தப் பக்கத்தால் வந்திருப்பான், எந்த வாயிலில் மறைந்து நின்றிருப்பான், பொலிஸ்காரரின் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் எந்தச் சந்தால் தப்பியிருப்பான் என்று கையால் காட்டினார். நாங்கள் எல்லோரும் அந்தத் திசையில் தலையைத் திருப்பினோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சந்தேக நபர் ஒருவரின் பெயர் வந்தது. வைத்தியர், சட்டத்தரணி, சிகையலங்காரர் என்று பட்டியல் நீண்டது. இறுதியில் “உங்கள் தெரிவு யார்?” என்று கூட்டத்தைக் கேட்டார். கைகள் உயர்ந்தன.

கலாசாலைக் கேள்வியை இங்கே வைத்துப் பார்த்தால் விடை எளிது. இந்தக் கதையைக் காவிச் செல்பவன் கொலையாளி. நாம் நிற்பது அவன் நின்ற இடத்தில், பார்ப்பது அவன் பார்த்த திசையில், அஞ்சுவதும் அவனோடு சேர்ந்து பொலிசுக்கே. அந்தப் பெண்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தரையில் கிடக்கும் நிலையிலேயே அறிமுகமாகிறார்கள். அவர்களுக்கு வயதும் தொழிலும் ஒரு வரியில் சொல்லப்படுகின்றன. தொழில் எல்லோருக்கும் ஒன்றே.

மைட்டர் சதுக்கத்தில் வழிகாட்டி கையடக்கக் கணினியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். கொலையுண்ட பெண்ணைப் பிரேத அறையில் வைத்துப் பொலிசார் எடுத்த புகைப்படம். அருகில் நின்ற இளைஞன் அதனைத் தன் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டான். எங்கள் ஊரில் மையத்துக் குளிப்பாட்டும் பெரியவர்களில் என் வாப்பாவும் ஒருவராக இருந்தார். குளிப்பாட்டும்போது மையத்தை மூடியே வைத்திருப்பார்கள். உடலில் ஏதும் குறையைக் கண்டால் அந்த அறைக்கு வெளியே அதை வாய்விட மாட்டார்கள். இறந்தவருக்கும் மானம் உண்டு என்பது நமது மரபின் பால பாடம். இதனைச் சமய போதனையாக இங்கு முன்வைக்கவில்லை, ஓர் அழகியல் அளவுகோலாகவே சொல்கிறேன். எதை மூடுவது, எதைத் திறப்பது என்ற தெரிவிலேதான் ஒரு கதைசொல்லியின் தரம் வெளிப்படுகிறது. அந்த நடையில் பெண்களின் உடல் திறக்கப்பட்டது, வாழ்க்கை மூடப்பட்டது.

*

இந்தப் பார்வை இன்று நேற்று ஏற்பட்டதன்று. லண்டனின் செல்வந்தர்கள் கிழக்குப் பகுதியின் வறுமையை நடந்து சென்று பார்ப்பதற்கு 1880களிலேயே ஆங்கிலத்தில் ‘ஸ்லம்மிங்’ என்றொரு சொல் வழக்கத்துக்கு வந்துவிட்டது. செப்மன் கொல்லப்பட்ட சில நாட்களுக்குள் ஹான்பரி வீதியின் அயல் வீட்டார் தங்கள் யன்னல்களினூடாக அந்தப் பின்வளவைப் பார்க்க வந்தோரிடம் காசு அறவிட்டனர் எனப் பத்திரிகைகள் எழுதின. குற்ற நடையின் முதலாவது டிக்கட் அங்கேதான் விற்கப்பட்டது எனலாம்.

லிவர்பூல் கப்பல் முதலாளியான சார்ள்ஸ் பூத் லண்டன் வறுமையை ஆராய்ந்து வெளியிட்ட வரைபடம் பிறிதொரு வகை நடையின் விளைவு. வீதி வீதியாக வர்ணம் தீட்டப்பட்ட அவ்வரைபடத்தில் செல்வந்தர் தெருக்களுக்கு மஞ்சள், அடிமட்டத்தோருக்குக் கறுப்பு. கறுப்புக்குரிய விளக்கக் குறிப்பிலே வறுமையும் கெட்ட நடத்தையும் அரைக் குற்றத் தன்மையும் ஒன்றாகவே சேர்க்கப்பட்டிருந்தன. 1890களின் இறுதியில் அவ்வரைபடத்தைத் திருத்துவதற்காகப் பூத்தின் உதவியாளர்கள் அந்தந்தப் பிரதேசப் பொலிஸ் உத்தியோகத்தர்களுடன் தெருத்தெருவாக நடந்து குறிப்பேடுகளில் எழுதினர். பூத்தின் உழைப்பு பெரிது. முதியோர் ஓய்வூதியம் பற்றிய வாதத்துக்கு அவர் ஆற்றிய பங்கும் மறுக்க முடியாதது. ஆயினும் பொலிசாரின் பக்கத்தில் நடப்பவர் பொலிசாரின் கண்ணால் பார்க்கிறார் என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும்.

இப்படி மூன்று விதமான கால்களைக் காண்கிறோம். வேடிக்கை பார்ப்பவரின் கால், பொலிசாரோடு செல்பவரின் கால், கொலையாளியைப் பின்தொடர்பவரின் கால். நாலாவது கால் ஒன்று இருக்கிறது. அது கொலையுண்டவர்களின் கால். அதனைத் தேடிச் சென்ற நூலாகவே ஹாலி ரூபன்ஹோல்டின் ‘த ஃபைவ்’ எனக்குப் படுகிறது.

*

2019 இல் வெளிவந்த இந்நூல் அவ்வருடமே புனைவல்லாத நூல்களுக்கான பெய்லி கிஃபர்ட் பரிசைப் பெற்றது. நூலின் பிரதான துணிபு ஒன்றுதான். கொலைகளைப் பற்றி இந்நூல் விபரிப்பதில்லை. கொலையாளி யார் என்று தேடுவதுமில்லை. ஐந்து பெண்களும் பிறந்த வீட்டிலிருந்து ஆரம்பித்து, அவர்கள் கடைசியாக உயிரோடு காணப்பட்ட இடம்வரை நடந்து சென்று, அவ்விடத்தில் நூலாசிரியர் நின்றுவிடுகிறார். அந்தக் கதவைத் திறப்பதில்லை.

மேரி ஆன் நிக்கல்ஸ் கொல்லரொருவரின் மகள். அச்சுத் தொழிலாளி ஒருவரை மணந்தார். ஐந்து பிள்ளைகள். தொழிலாளர்களுக்கென ஒரு தரும நிதியம் கட்டிய மாடிக் குடியிருப்பில் ஒழுங்கான வாழ்க்கை. 1880 இல் குடும்பம் குலைந்தது. அதன் பின் ஏழைகள் விடுதி, ட்ரஃபல்கர் சதுக்கத்தின் திறந்த வெளி, சிறிது காலம் ஒரு வீட்டில் பணிப்பெண் வேலை, மீண்டும் தெரு. அனி செப்மனின் கணவர் செல்வந்தர் வீட்டுக் குதிரை வண்டி சாரதி. இருவரும் நல்லுடுப்பு அணிந்து ஸ்டூடியோவில் எடுத்த புகைப்படம் எஞ்சியிருக்கிறது. குடிநோய் அந்த வாழ்க்கையைத் தின்றது. எலிசபெத் ஸ்ட்ரைட் சுவீடனின் கிராமத்தில் பிறந்து பணிப்பெண்ணாக நகரம் சென்று, 1866 இல் லண்டனுக்கு வந்தவர். ஒரு காலத்தில் கணவருடன் கோப்பிக் கடை நடத்தியவர்.

கெத்தரின் எடோஸின் வரலாறு ஒரு நாவலுக்கே போதும். அவரோடு நீண்ட காலம் வாழ்ந்த கொன்வே என்பவர் ஊரூராகச் சென்று சிறு பிரசுரங்களும் பாட்டுத் தாள்களும் விற்றவர். தூக்கிலிடப்பட்டோரைப் பற்றிய பாட்டுகளும் அக்காலச் சந்தையில் நன்றாக விலைபோன சரக்கு. நமது கொலைச் சிந்துகள் போன்றவை அவை. அத்தகைய தாள்கள் விற்றவரோடு ஊர் ஊராக நடந்த பெண்ணே பின்னர் படமும் பாட்டுமாக விற்கப்பட்டார் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

நூலின் வாதத்தில் அதிகம் சர்ச்சைக்குள்ளானது, ஐவரில் மூவர் பாலியல் தொழில் செய்தார்கள் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்ற முடிவாகும். அவர்கள் வீடற்றவர்கள், இரவில் தெருவில் உறங்கியவர்கள், உறக்கத்திலேயே தாக்கப்பட்டிருக்கலாம் என்பது ரூபன்ஹோல்டின் கருத்து. வீடற்ற பெண் இரவில் தெருவில் நின்றால் அவள் இன்னாள்தான் என்று பொலிசாரும் பத்திரிகைகளும் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டன என்கிறார். ரிப்பர் ஆய்வாளர்கள் பலர் இதனை ஏற்கவில்லை. மரண விசாரணைச் சாட்சியங்களை அவர் தனக்கு வசதியாகத் தெரிவுசெய்கிறார் என்பது அவர்களது குற்றச்சாட்டு. இவ்விவாதத்தில் தீர்ப்பளிக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒரு வாசகனாக ஒன்று கேட்கலாம். அவர்கள் அத்தொழில் செய்யவில்லை என்று நிறுவுவதில் இவ்வளவு பக்கங்கள் செலவாகும்போது, செய்திருந்தால் நமது துக்கம் குறைய வேண்டும் என்ற தொனி வாசகன் மனதில் படிந்துவிடாதா? அத்தொழிலில் இருந்தார் எனக் கூறும் கெலிக்கும், சுவீடனில் பொலிஸ் பதிவேட்டில் பெயர் ஏறிய ஸ்ட்ரைடுக்கும் அதே அளவு பரிவோடு இடம் அளித்திருப்பதன் மூலம் நூலாசிரியர் அந்த ஆபத்தைப் பெருமளவு தவிர்த்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. ஆவணம் அற்ற இடங்களில் ‘இப்படி உணர்ந்திருப்பாள்’, ‘இவ்வழியே சென்றிருப்பாள்’ என்ற ஊக வாக்கியங்கள் அடிக்கடி வருகின்றன. கெலி பற்றி உறுதியாகத் தெரிந்தவை மிகச் சில. ஆதலால் அப்பகுதியில் காலச் சூழல் விவரணை பெருத்து, ஆள் மெலிந்து போகிறார். நாவலுக்குரிய உரிமையை வரலாற்று நூல் எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி இங்கு எழுகிறது. என்னைப் பொறுத்தவரை நூலின் மிகச் சிறந்த பக்கங்கள் ஊகமே இல்லாத கடைசிப் பக்கங்கள்தான். ஐவரினதும் வாழ்வை அவர்கள் விட்டுச்சென்ற பொருட்களின் பட்டியலாக அங்கு தருகிறார். நிக்கல்ஸிடம் ஒரு சீப்பு, ஒரு கைலேஞ்சி, உடைந்த முகக்கண்ணாடித் துண்டு. எடோஸிடம் தேயிலையும் சீனியும் போட்ட சிறு தகரப் பெட்டிகள், சவர்க்காரத் துண்டு, ஊசி, சீப்பு, மூக்குக்கண்ணாடியின் ஒரு பாதி. வீடு இல்லாதவர் தன் வீட்டை உடம்பில் காவித் திரிந்தார் என்பதை எந்த வர்ணனையும் இந்தப் பட்டியல் அளவுக்குச் சொல்ல முடியாது.

*

நூலை வாசித்த பின்னர் அதே வீதிகளில் நான் மறுபடி நடந்தேன். இம்முறை தனியே, பகலில், ஓர் இரவுக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு.

1888 இல் வைட்செப்பல் பிரதேசத்தில் 233 பொது விடுதிகள் இருந்தன என்றும் அவற்றில் ஏறக்குறைய 8,500 பேர் இரவு தங்கினர் என்றும் பொலிசார் கணக்கிட்டிருந்தனர். ஒரு கட்டிலுக்கு ஓர் இரவு நாலு பென்ஸ். அது இல்லாதவருக்கு வாசற்படி. ஓகஸ்ட் 31 நள்ளிரவுக்குப் பின் நிக்கல்ஸ் த்ரோல் வீதி விடுதியிலிருந்து காசில்லை என்று வெளியேற்றப்பட்டார். புதிய தொப்பி ஒன்று அணிந்திருந்தாராம். கட்டில் காசைச் சீக்கிரம் தேடிக்கொண்டு வருவேன் என்று சிரித்தபடியே சொல்லிப் போனாராம். இரண்டரை மணிக்கு ஒஸ்போர்ன் வீதியும் வைட்செப்பல் பெருவீதியும் சந்திக்கும் மூலையில் அறைத்தோழி ஒருத்தி அவரைக் கண்டு, திரும்பி வரும்படி அழைத்தார். அவர் கிழக்கே போனார். மூன்று நாற்பது அளவில் பக்ஸ் ரோவில் உடல் கண்டெடுக்கப்பட்டது.

அந்த மூலையிலிருந்து அவ்விடத்துக்கு நான் கால் மணித்தியாலத்துக்குள் நடந்து சேர்ந்தேன். நிக்கல்ஸுக்கு எழுபது நிமிடங்கள் இருந்தன. அந்த நேரத்தில் அவர் எங்கெல்லாம் சென்றார் என்பதற்குச் சாட்சி இல்லை. ஆனால் வீடற்றவரின் இரவு எத்தகையது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1902 இல் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் கந்தலாடை அணிந்து இப்பகுதியில் தங்கி எழுதிய நூல் 1903 இல் வெளிவந்தது. இரவில் எங்கேனும் குந்தித் தூங்கினால் பொலிசார் எழுப்பி நகரச் சொல்வர், ஆகவே வீடற்றோர் விடியும்வரை நடந்துகொண்டே இருக்க நேர்ந்தது என அதில் பதிவு செய்கிறார். அப்பெண்களுக்கு நடை பொழுதுபோக்கன்று. நாலு பென்ஸ் இல்லாமைக்கு விதிக்கப்பட்ட தண்டனை. செப்மனும் அப்படித்தான். நோயுற்ற உடம்போடு, தன் கட்டிலை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று விடுதிப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு, அதிகாலை இரண்டு மணியளவில் வெளியே வந்தவர் விடியும்போது ஹான்பரி வீதியில் கிடந்தார். எடோஸ் குடித்திருந்தமைக்காகப் பொலிசில் வைக்கப்பட்டு, தெளிந்ததும் இரவு ஒரு மணிக்கு விடுவிக்கப்பட்டார். நாற்பத்தைந்து நிமிடங்களில் எல்லாம் முடிந்தது.

பக்ஸ் ரோவின் பெயர் 1892 இல் டர்வார்ட் வீதி என மாற்றப்பட்டது. வைட்செப்பல் ரயில் நிலையத்தின் பின்புறம் அது. 2022 இல் திறக்கப்பட்ட எலிசபெத் ரயில் பாதைக்காக அச்சுற்றாடலே மாறிவிட்டது. அக்காலப் பாடசாலைக் கட்டடம் மட்டும் மாடிக் குடியிருப்பாக நிற்கிறது. நான் சென்ற மாலை நடையில் இவ்விடம் சேர்க்கப்படவில்லை. கூட்டத்துக்குத் தூரம் அதிகம், காட்டுவதற்கும் ஒன்றுமில்லை. முதலாவதாகக் கொல்லப்பட்டவரின் கடைசி நடை, நடப்பவர்களுக்குத் தூரமாகிவிட்டது.

*

இன்னொன்றையும் அந்த நடை தவிர்த்தது. நாங்கள் கூடி நின்ற ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு சிறு பூங்கா இருக்கிறது. வைட்செப்பல் என்ற பெயருக்கே காரணமான வெள்ளைத் தேவாலயம் நின்ற நிலம் அது. அதன் ஓரமாகச் செல்லும் அட்லர் வீதியில் 1978 மே 4 ஆம் திகதி மாலை, வேலை முடிந்து வீடு திரும்பிய அல்தாப் அலி என்ற வங்காளதேச இளைஞர் இனவெறியால் குத்திக் கொல்லப்பட்டார். தையல் தொழிலாளி. மே 14 இல் அவரது பிரேதப் பெட்டிக்குப் பின்னால் ஏறக்குறைய 7,000 பேர் வைட்செப்பலிலிருந்து ஹைட் பூங்காவுக்கும் பிரதமரின் வாசஸ்தலம் அமைந்த டவுனிங் வீதிக்கும் நடந்து சென்றனர். 1998 இல் அப்பூங்காவுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. இந்த நகரத்தின் குற்ற வரலாற்றில் மிகப் பெரிய நடை என்று நான் கருதுவது அதனையே.

2021 குடிசன மதிப்பீட்டின்படி இப்பிரதேசம் அடங்கும் டவர் ஹாம்லெட்ஸில் முஸ்லிம்கள் 39.9 வீதம். ஹான்பரி வீதிக்கு அண்மையில், பிரிக் லேனில் உள்ள ஜும்ஆப் பள்ளிவாசல் 1743 இல் பிரான்சிலிருந்து தப்பி வந்த புரட்டஸ்தாந்தரின் ஆலயமாகக் கட்டப்பட்டு, பின்னர் மெதடிஸ்த ஆலயமாகி, 1898 இல் யூதர்களின் ஆலயமாகி, 1976 இல் பள்ளிவாசலானது. ஒவ்வொரு முறையும் வந்தேறியவர்கள் அங்கு தொழுதார்கள். ஒவ்வொரு முறையும் குற்றம் நிகழ்ந்தால் சந்தேகம் முதலில் அவர்கள் வாசலுக்கே வந்தது. 1888 இல் ஜோன் பைசர் என்ற யூதச் சப்பாத்துத் தொழிலாளி, வதந்தியின் பேரில் கைதாகிப் பின்னர் விடுவிக்கப்பட்டார். எடோஸின் உடையிலிருந்து கிழிக்கப்பட்ட துணி கிடந்த கூல்ஸ்டன் வீதி வாசலில் யூதர்களைப் பற்றிய சோக்கட்டி எழுத்து ஒன்று காணப்பட்டது. விடிந்தால் கலவரம் மூளும் என அஞ்சிய பொலிஸ் ஆணையாளர் சார்ள்ஸ் வொரன், படம் எடுக்கவும் காத்திராமல் அதனை அழிக்கச் செய்தார். வழிகாட்டி இதனைத் தடயம் அழிந்த துரதிர்ஷ்டமாகச் சொன்னார். அன்று அந்தத் தெருவில் பிள்ளைகளோடு உறங்கிக்கொண்டிருந்த யூதக் குடும்பங்களின் பக்கத்தில் நின்று பார்த்தால் இதே சம்பவம் வேறு கதையாகிவிடும். எங்கள் தோளில் ஏற்றினால் இந்தக் கதை எப்படிப் போகும் என்று அறிய நம்மவர்க்கு அதிக கற்பனை தேவையில்லை.

எதிர்ப்புக் குரல்கள் அங்கு எழாமலில்லை. கொமர்ஷல் வீதியிலுள்ள மதுச்சாலை ஒன்று 1976 இல் கொலையாளியின் பெயரையே சூடிக்கொண்டது. எதிர்ப்புகளின் பின் 1988 இல் ‘டென் பெல்ஸ்’ என்ற பழைய பெயருக்குத் திரும்பியது. 2015 இல் கேபிள் வீதியில் திறக்கப்பட்ட ரிப்பர் நூதனசாலைக்கு, பெண்கள் வரலாற்று நூதனசாலை என்றே அனுமதி கோரப்பட்டிருந்தது. திரை விலகியதும் உள்ளே இருந்தது வேறு. அப்பிரதேசப் பெண்கள் வாசலில் கூடி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். பெண்களின் வரலாறு என்று பெயரெழுதி, அவர்களைக் கொன்றவனின் வரலாற்றைக் கொடுத்த இச்சம்பவம், நான் மேலே விளக்க முயன்ற பிரதியின் இயல்பை ஒரு பெயர்ப் பலகையிலேயே காட்டிவிடுகிறது.

*

இதிலிருந்து நம் எழுத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? யுத்த காலத்தில் வளர்ந்த நமக்கு ‘இனந்தெரியாதோர்’ என்ற சொல் பாடசாலைப் பாடத்தை விடவும் பரிச்சயமானது. பத்திரிகைச் செய்தியில் அச்சொல் வந்தால் கதை முடிந்தது என்று பொருள். வைட்செப்பலிலும் கொலையாளி இனந்தெரியாதவனே. அங்கோ அச்சொல்லிலிருந்துதான் கதை தொடங்கி, நூற்றுக்கணக்கான நூல்களாகப் பெருகியது. நமது மௌனமும் அவர்களது ஆரவாரமும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் விளைவு ஒன்றே. இரண்டிலும் இறந்தவர் காணாமற் போகிறார்.

நமது இளம் படைப்பாளிகளின் கதைகளை இச்சஞ்சிகையிலும் வேறு இடங்களிலும் தொடர்ந்து வாசிக்கிறேன். கொலை நிகழும் கதைகளிற் பல, துப்பாக்கி வெடிக்கும் கணத்தை நோக்கியே ஓடுகின்றன. இரத்தத்தின் நிறத்துக்கு மூன்று வரி, இறந்தவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதற்கு ஒரு வரியுமில்லை. அத்தகைய கதை எழுத அமரும் தம்பி தங்கைகளுக்கு ஓர் ஆசிரியன் என்ற முறையில் ஒரு பயிற்சியைச் சொல்வேன். கதையில் இறக்கப் போகிறவர் சம்பவத்துக்கு முந்திய ஒரு மணித்தியாலத்தில் எங்கிருந்து எங்கே நடந்தார் என்பதை முதலில் எழுதுங்கள். அவர் பையில், மடியில், சட்டைப் பொக்கற்றில் என்ன இருந்தது என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதன் பிறகு கொலையை எழுத வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

ரூபன்ஹோல்ட் எழுதாமல் விட்டார். அந்தத் தெரிவாலேயே, குறைகள் இருந்தபோதிலும், ‘த ஃபைவ்’ நமது எழுத்தாளர்கள் தேடி வாசிக்க வேண்டிய நூலாகிறது. ஆங்கிலம் வாய்த்தவர்கள் அதன் கடைசிப் பக்கங்களையேனும் தமிழில் தந்தால், என் உயர்தர வகுப்பு மாணவர்களோடு அமர்ந்து அந்தப் பொருட்பட்டியலை முதலில் வாசிப்பேன்.